வளவு துடைக்கும் ரோபோ: செட்டிநாட்டு வீட்டுக்கு வாங்கலாமா?

ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்த்த சிமெண்டுத் தளக்கல், பதித்த வீட்டில், தானே நகர்ந்து பெருக்கித் துடைக்கிற ரோபோ மாப் ஒழுங்காக ஓடுமா என்று சொந்தத்திலும் பங்காளி வீடுகளிலும் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஆள் புழங்குகிற வீட்டில்தான். சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து திறக்கிற வீட்டுக்கு இதை வாங்கி வைத்தால் பணம் தண்டம்.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. வாசலை ஒட்டி முகப்பு, அடுத்து நடுவில் திறந்த முற்றம் உள்ள வளவு, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமாகப் பத்தி, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு (வீட்டின் அடுத்த பகுதி), அப்புறம் அடுப்படி. முன் தெருவில் நுழைந்தால் பின் தெருவில் வெளியே வரலாம், அவ்வளவு நீளம். இதில் இருப்பது நானும் வீட்டுக்காரரும் மாமியாரும்தான். மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. வேலைக்கு வருகிற அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். பெருக்குவது எப்படியோ நடந்துவிடும். உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து இவ்வளவு நீளத்தையும் துடைக்க அவரால் முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கும் மனசு வரவில்லை. அதற்காகத்தான் வாங்கினோம்.

எந்திரம் வட்டமாக, தட்டையாக இருக்கிறது. உயரம் பத்து சென்டிமீட்டர். தலையில் ஒரு சின்னக் குமிழ். அதற்குள் லேசர் சுற்றிக்கொண்டே இருந்து, சுவர் எவ்வளவு தூரம், தூண் எவ்வளவு தூரம் என்று அளந்து, வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொள்கிறது. லிடார் என்கிறார்கள். அடியில் ஒரு பிரஷ், ஓரத்தில் ஒரு பிரஷ், பின்னால் ஈரத்துணி. முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. துணியைத் தானே கழுவிக் காயவைக்கிற பெட்டியோடு வருபவை இன்னும் விலை கூடுதல். கேமரா வைத்ததை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் படம் பிடித்துக்கொண்டு திரிகிற பொருள் எனக்குச் சம்மதமில்லை. லேசரே போதும்.

கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் கிடைப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. கடையில் உறிஞ்சும் திறனைப் பாஸ்கல் கணக்கில் பெரிதாகச் சொல்வார்கள். கம்பளம் விரித்த வீட்டுக்கு அந்த எண் முக்கியம். நம் தரை வழவழப்பானது, தூசி மேலாகத்தான் கிடக்கும். நாம் பார்க்க வேண்டியவை வேறே: நிலைப்படி, கறுப்புக் கல், தண்ணீர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகள் நடுவில் வானத்துக்குத் திறந்து கிடக்கின்றன. முற்றத்து வழியாக வெளிச்சமும் காற்றும் வருகிற மாதிரியே செம்மண் தூசியும் வருகிறது. ஆடிக் காற்றில், காலையில் துடைத்த பத்தியில் மத்தியானம் நடந்தால் பாதம் பதியும். மாமியார் உள்ளங்காலைத் தரையில் தேய்த்துப் பார்த்து, "மண்ணு நறநறங்குது" என்பார். இப்போது காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் ஒரு தடவை ஓட விடுகிறோம். அந்த நறநறப்பு போய்விட்டது. மாமியார் காலைத் தேய்த்துப் பார்ப்பதை விடவில்லை, ஆனால் ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொன்று, பீரோவுக்கு அடி, கட்டிலுக்கு அடி, பெட்டகத்துக்கு அடி. பர்மாத் தேக்கில் செய்த இந்தச் சாமான்களை நகர்த்த நாலு ஆள் வேண்டும். பல வருஷமாகத் துடைப்பத்தின் நுனி மட்டும் எட்டிப் பார்த்த இடம் அது. கால் உயரம் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் எந்திரம் தாராளமாக உள்ளே போய், சுவர் வரை பெருக்கிவிட்டு வருகிறது. ஒரு நாள் அதன் தூசிப் பெட்டியைத் தட்டியபோது என் மகள் சின்ன வயதில் போட்டிருந்த கொலுசின் மணி ஒன்று விழுந்தது. தூண்களைச் சுற்றியும் அழகாக வளைந்து பெருக்குகிறது. மூலைக்கு மட்டும் முழுசாகப் போகாது. வட்டமான உடம்பு, மூலையில் ஒரு முக்கோணம் மிச்சம் வைத்துவிடும்.

இனி தண்ணீர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் எந்திரம் போனால் இன்னொன்று வாங்கலாம், அந்தக் காலத்துக் கல் போனால் அதே கல் கிடைக்காது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை பூசி, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பார்கள். கண்ணாடியில் பட்ட பக்கம்தான் கல்லின் முகம். சிமெண்டு என்பதால் புழங்கப் புழங்க, துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் அரித்து மங்கிப் போகும்.

ஆகவே எந்திரத்தோடு கொடுக்கிற வாசனைத் தண்ணீரை எடுத்து ஓரமாக வையுங்கள். வெறும் தண்ணீர் போதும். அதிலும் எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் துடைத்த தடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், உள்ளே இருக்கிற சின்னக் குழாயும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மழைக் காலத்தில் முற்றத்துக் கூரையிலிருந்து விழுகிற தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதைத்தான் வடிகட்டி ஊற்றுகிறேன். எந்திரத்தின் தொட்டி ஒரு டம்ளருக்குச் சற்று அதிகமாகத்தான் கொள்ளும், அதனால் ஓர் அண்டா ரொம்ப நாள் வரும். மழைத் தண்ணீர் தீர்ந்துவிட்டால் குடிக்க வாங்குகிற கேன் தண்ணீர்.

வேலை முடிந்து சார்ஜருக்குத் திரும்பியதும் ஈரத்துணியைக் கழற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்க நனைந்த துணியோடு ஒரே இடத்தில் நின்றால் கல்லில் வட்டமாகக் கறை படியும். நாங்கள் சார்ஜருக்கு அடியில் மீந்துபோன கிரானைட் பலகை ஒன்றைப் போட்டிருக்கிறோம். தேங்காய் எண்ணெய் தொட்டு மெருகு ஏற்றுகிற வழக்கம் உள்ள வீட்டில், எண்ணெய் முழுசாக உள்ளே இழுக்கும் வரை எந்திரத்தை விடக் கூடாது. சக்கரம் வழுக்கும், அடியில் உள்ள சென்சார் கண்ணாடியில் எண்ணெய் அப்பிக்கொள்ளும்.

அடுத்து கறுப்புக் கல். செட்டிநாட்டு வீட்டில் இதுதான் பெரிய சிக்கல், விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. எந்திரத்தின் அடியில் ஓரமாக நாலைந்து சென்சார் இருக்கிறது. அவை தரையை நோக்கி அகச்சிவப்புக் கதிரை அனுப்பும். கதிர் திரும்பி வந்தால் தரை இருக்கிறது, வராவிட்டால் பள்ளம். மாடிப்படியில் உருண்டு விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. கறுப்பு நிறம் அந்தக் கதிரை விழுங்கிவிடுகிறது. எங்கள் முகப்பில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கட்டம். முதல் தடவை எந்திரம் ஒரு கறுப்புக் கட்டத்தின் விளிம்புக்கு வந்தது. நின்றது. பின்னால் போனது. கொஞ்சம் திரும்பி வேறு பக்கமாக வந்தது. அங்கேயும் கறுப்பு. மறுபடி பின்வாங்கியது. இப்படியே ஒரு வெள்ளைக் கட்டத்துக்குள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்துவிட்டு, "பள்ளத்தில் மாட்டிக்கொண்டேன்" என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிட்டது. சுற்றிலும் சமதரை.

இதற்கு ஒரு வைத்தியம் இணையத்தில் சொல்கிறார்கள். சென்சார் மேல் வெள்ளைக் காகிதமோ டேப்போ ஒட்டிவிட்டால் எப்போதும் தரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கறுப்பின் மேலும் ஓடுமாம். உண்மைதான், ஓடும். படியே இல்லாத பிளாட்டில் செய்துகொள்ளட்டும். நம் வீட்டில் கையெடுத்துக் கும்பிடுகிறேன், செய்யாதீர்கள். பத்தியை விட்டு இறங்கினால் கருங்கல் முற்றம். சென்சார் வேலை செய்யவில்லை என்றால் நேராக அதில் போய்த்தான் விழும், கீழே முற்றத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். நாங்கள் முகப்பை எந்திரத்தின் வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டோம். அது இன்றும் கையால்தான் துடைக்கப்படுகிறது. வளவுப் பத்தியில் பூவேலைக் கல்லுக்கு நடுவே கறுப்பு மெல்லிய கோடாகத்தான் வருகிறது. அதைத் தயங்காமல் தாண்டிப் போகிறது. உள்ளங்கை அளவு கறுப்பு சேர்ந்தாற்போல் இருந்தால்தான் தகராறு. வாங்குவதற்கு முன்னால் உங்கள் தரையை இந்தக் கண்ணோடு ஒரு சுற்றுப் பாருங்கள்.

முற்றத்து விளிம்பில் அந்தச் சென்சார்கள் எங்களை ஒருமுறையும் கைவிடவில்லை. விளிம்பு வரை வந்து, எட்டிப் பார்த்து, ஒதுங்கிப் போய்விடும். உச்சி வெயில் நேராகப் பத்தியில் விழும்போது மட்டும் தடுமாறுகிறது, அந்த வெளிச்சம் கதிரைக் குழப்புகிறது. அதனால் மத்தியானத்தில் விடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் அடித்துப் பத்தி நனைந்து கிடந்தால் அன்றைக்கு எந்திரத்துக்கு லீவு. உறிஞ்சும் வாயில் தண்ணீர் போனால் மோட்டார் கெட்டுவிடும்.

நிலைப்படி விஷயத்தில் எனக்கு நல்ல சேதி இல்லை. இவை ஏறக்கூடியது சுமார் இரண்டு சென்டிமீட்டர். நம் நிலைப்படி அரை அடி. ஆசாரியைக் கூப்பிட்டு மரச்சரிவு செய்யலாமா என்று வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். எந்திரம் வழுக்காமல் ஏற வேண்டுமானால் பதினைந்து டிகிரிச் சரிவு, அதற்குப் படிக்கு இந்தப் பக்கம் கிட்டத்தட்ட இரண்டு அடி, அந்தப் பக்கம் இரண்டு அடி நீளத்துக்குப் பலகை வேண்டும். வயசானவர் நடமாடுகிற வாசலில் அது தடுக்கி விழுவதற்கு வழி. போதாததற்கு நிலைவாசலை மிதிக்கவே கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள், அதில் பலகை அடிக்க யாருக்கு மனசு வரும்? ஆகவே ஒரு கட்டு முடிந்ததும் தூக்கி அடுத்த கட்டில் வைக்கிறோம். நாலு கிலோ இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் தனி வரைபடம் சேமித்து வைத்துக்கொள்ளலாம், மாடல் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பட்டனைத் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வீடு சரிப்படாது.

பொங்கலுக்கு வளவில் நடுவீட்டுக் கோலம் போடுவோம். அரிசி மாவை அரைத்துக் கையால் இழுக்கிற கோலம், காய்ந்தபின் வெள்ளை வெளேரென்று நிற்கும். ஈரத்துணி ஒரு தடவை போனால் எல்லாம் கரைந்துவிடும். ஆப்பில் வரைபடத்தைத் திறந்து, கோலம் இருக்கிற இடத்தில் விரலால் ஒரு சதுரம் போட்டு "இங்கே போகாதே" என்று வைத்துவிட்டால் அதன் ஓரம் வரை வந்து திரும்பிவிடுகிறது. கொஞ்சம் தாராளமாகவே சதுரம் போடுங்கள், நாலு விரல் கூடுதலாக.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன பூட்டின வீட்டு விஷயம். என் மகன் டொராண்டோ பக்கம் இருக்கிறான். அங்கே அவன் தெருவில் ஒரு வீட்டில் பனி அள்ளுகிற ரோபோ இருக்கிறது. வீடியோ காலில் காட்டினான். சங்கிலிப் பட்டைச் சக்கரத்தில் நகர்ந்து, முன்னால் சுழல்கிற தகட்டால் பனியை இழுத்து, ஒரு குழாய் வழியாகப் பக்கத்தில் வீசுகிறது. திறந்த வெளி என்பதால் சாட்டிலைட் சிக்னலையும் வீட்டில் நட்ட ஓர் ஆன்டெனாவையும் வைத்துப் பாதை பிடிக்கிறது. விலை சில ஆயிரம் டாலர், நம் பணத்துக்கு லட்சங்கள். பனி விழுந்துகொண்டிருக்கும்போதே திரும்பத் திரும்பப் போய்ச் சுத்தம் செய்யும். விடிகாலையில் குளிரில் நின்று முதுகு ஒடிய அள்ள வேண்டாம், வயசானவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் ஈரப் பனி கனமாகச் சேர்ந்துவிட்டாலோ, தெருவைச் சுத்தம் செய்கிற நகராட்சி வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகிற பனி இறுகி மேடாகிவிட்டாலோ அது திணறுகிறது. கடும் குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். அந்த வீட்டுக்காரர் வாசல் மேட்டை இன்னும் மண்வெட்டியால்தான் வெட்டுகிறாராம். "சேர விடாமப் பாத்துக்கத்தான் ஆத்தா அது. சேந்துபோனதை அள்ள ஆள்தான் வேணும்" என்றான் மகன்.

நம் ஊர்த் தூசிக்கும் அதே கதைதான். பொங்கலுக்குப் பங்காளி வீட்டைத் திறந்தபோது எங்கள் எந்திரத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். மாசக்கணக்கில் படிந்த மண், புறா எச்சம், வௌவால் புழுக்கை, கரையான் மண். கொஞ்ச நேரத்தில் தூசிப் பெட்டி நிரம்பிவிட்டது. ஈரத்துணி பட்ட இடமெல்லாம் சேறு. சக்கரம் எச்சத்தை இழுத்துக்கொண்டு போய் நல்ல கல்லிலும் கோடு போட்டது. அப்புறம் நாலு பேரை வரவழைத்து, ஒட்டடை அடித்து, பெருக்கி, தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். அதற்குப் பிறகு எந்திரத்தை விட்டபோது அருமையாக ஓடியது.

வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் சிலர், "வாங்கி வைத்துவிட்டுப் போகிறோம், அங்கிருந்தே போனில் ஓட்டிக்கொள்கிறோம்" என்கிறார்கள். ஊரை விட்டுத் தூரத்தில் இருந்தாலும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற அந்த ஆசையை நான் மதிக்கிறேன். நடக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். தூசிப் பெட்டியைக் கொட்டுவது யார், துணியைத் துவைப்பது யார், முற்றத்து வழியாகப் பத்தியில் வந்து விழுந்த சருகில் சிக்கி நின்றால் எடுத்து விடுவது யார்? கரண்ட் போய் பேட்டரி இறங்கினால் அங்கேயே கிடக்கும். எலி ஒயரைக் கடிக்கும். அந்த முப்பதாயிரத்தை வைத்து உள்ளூர் ஆள் ஒருவருக்கு மாசாமாசம் கொடுத்து, வாரம் ஒருமுறை கதவைத் திறந்து பெருக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கும் காற்றுப் பட்ட மாதிரி இருக்கும், மழை ஒழுகினாலும் யாராவது பார்ப்பார்கள்.

சில்லறைக் குறைகள்: நம் சுவர்களின் தடிமனுக்கு வைஃபை இரண்டாம் கட்டுக்கு எட்டாது. வைஃபை இல்லாவிட்டாலும் எந்திரத்தின் மேல் உள்ள பட்டனை அமுக்கினால் ஓடும். பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும், முதல் நாள் இணைக்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் வெக்கை அடிக்கிற இடத்தில் சார்ஜரை வைக்காதீர்கள், பேட்டரிக்கு ஆகாது. பில்டரைக் கழுவினால் ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். எங்களுடையதில் ஓரப் பிரஷ்ஷின் மோட்டார் தலைமுடியும் நூலும் சுற்றி நின்றுவிட்டது. எங்கள் பக்கம் சர்வீஸ் சென்டர் இல்லை, கூரியரில் அனுப்பச் சொன்னார்கள், போன் மேல் போன் போட்டும் சரியான பதில் இல்லை, திரும்பி வருவதற்குள் ஒரு பண்டிகையே போய்விட்டது. இவ்வளவு பணம் வாங்குகிறவர்கள் மதுரையிலாவது ஓர் ஆளை வைக்க வேண்டும். இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷைக் கழற்றிக் கத்திரிக்கோலால் முடியை வெட்டி எடுத்துவிடுகிறோம், பிறகு தொந்தரவு இல்லை.

வேலைக்கு வருகிற அம்மாதான் இப்போது இதை ஓட்டுவது. வாங்கிய அன்று அவர் முகம் வாடிப்போனது எனக்குத் தெரிந்தது. சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டோம், குறைக்கவும் இல்லை. "ஆச்சி, நடுவுல அது பாத்துக்கிடட்டும், மூலையும் முகப்பும் நான் பாத்துக்கிடுறேன்" என்று அவரே வேலையைப் பிரித்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றுவது, தூக்கி வைப்பது, துணி துவைப்பது எல்லாம் அவர் கையில். உட்கார்ந்து துடைப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆள் இருக்கிற வீட்டில், அந்த ஆளின் முட்டிக்காக வாங்குவதென்றால் இது கொடுத்த காசுக்குத் தகும் என்று உறுதியாகச் சொல்வேன்.

காரைக்குடியில் புதிதாகக் கட்டின பிளாட்டிலோ, படியில்லாத ஒற்றைத் தளத்திலோ இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். பெரிய வீட்டுக்காரர்கள் கடைக்குப் போகுமுன் ஒரு ஸ்கேலை எடுத்துக் கட்டில், பீரோ, பெட்டகத்தின் அடி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிரஷ், பில்டர், துணி மூன்றும் தனியாக விற்பனைக்குக் கிடைக்கிற மாடலாகப் பார்த்து, வாங்கும்போதே ஒரு செட் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.